மேல்துணி இரண்டு கெஜம்

துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டினாள் அராபா. அங்கேதான் குடி கெட்டது.

கடலோர ஊரான செகொண்டியில் கத்தரி பிடிக்கத் தெரிந்த எவளும் அப்படித்தான் வெட்டுவாள். மார்புச் சுற்றளவை எடு, நாலாக வகு, துணியை மடி, ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக வந்துவிடும். மனுஷ உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் ஓடுகிற வேலை அது. அராபாவின் உடம்பு போன மழைக்காலத்திலிருந்து அப்படி இல்லை. தலைநகரம் அக்ராவில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிநேகிதியைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. பெற்ற மகள் மான்சாவுக்கும் தெரியாது.

மான்சாவின் கல்யாணம் முடியும்வரை தெரியவும் கூடாது. சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்து குடும்பத்தைத் துருவுவார்கள். பைத்தியம் உண்டா, காக்காவலிப்பு உண்டா, குஷ்டம் உண்டா, திருட்டுக் கை உண்டா என்று அக்கம்பக்கமெல்லாம் விசாரிப்பார்கள். ஒன்று உண்டு என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும், வந்த வழியே போய்விடுவார்கள். மான்சாவைக் கேட்டு வந்தவள் மாப்பிள்ளை ஃபிஃபியின் பெரியம்மா பெசிவா. தாயில்லாத பையனை வளர்த்து ஆளாக்கியவள். சந்தையில் துணிக்கடை. தன் கெஜக்கோலில் ஒரு விரற்கடை குறைந்தது என்று எவளாவது சொல்லட்டும் பார்க்கலாம் என்று மார்தட்டுகிறவள். அவள் இதே வீட்டில் உட்கார்ந்து, அராபாவின் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"உங்கம்மா எதுல போனாங்க சம்பந்தி?"

"வயசாயிடுச்சு அக்கா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அராபாவின் அம்மா தூக்கத்தில் போகவில்லை. மாரில் புண் வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு, பின்கட்டு அறையில் யாரையும் உள்ளே விடாமல் கிடந்து போனாள். வயசும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சம்பந்தம் பேசி முடிந்ததும் பெண்ணின் அம்மாவுக்கு என்று பெசிவா தன் கையாலேயே அளந்து துணி அனுப்பினாள். அடர் நீலத்தில் மஞ்சள் பறவைகள், எல்லாம் தலை நிமிர்ந்து பறக்கிற மாதிரி. முழுசாக ஆறு கெஜம். உடம்பைக் கவ்விப் பிடிக்கிற காபாச் சட்டைக்கு இரண்டு, கீழே பாவாடைக்கு இரண்டு, தோளில் போட்டு இடுப்பில் சுற்றிக்கொள்ள மேல்துணிக்கு இரண்டு. மூன்றும் சேர்ந்தால்தான் அவள் குடும்பக்காரி. மேல்துணி இல்லாமல் சட்டை பாவாடையோடு நிற்பவள் பள்ளிக்கூடத்துப் பெண், அல்லது கேட்பாரற்றவள்.

ஊர்த் தையல்காரி மேடம் டோரிண்டாவிடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தைத்துத் தருவாள். ஆனால் அவள் முதலில் இஞ்ச் டேப்பை மார்பைச் சுற்றிப் போடுவாள். அப்புறம் அந்தச் சேதி மீன் சந்தைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? அதனால் மகள் நிச்சயத்துக்கு என் கையாலேயே தைத்துப் போடுவதாக வேண்டுதல் என்று அராபா புளுகினாள். டோரிண்டாவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன்டி, என் கையில என்ன குஷ்டமா புடிச்சிருக்கு?" என்று தெருவில் வைத்தே கேட்டாள். அராபா சிரித்து மழுப்பினாள்.

அராபாவிடம் ஒரு கைமெஷின் இருந்தது. பிள்ளைகளுக்கு யூனிபாரம், தனக்கு உள்பாவாடை என்று அதில் எத்தனையோ தைத்திருக்கிறாள். காபாவும் தைத்திருக்கிறாள், முழு உடம்பாக இருந்தபோது. கதவைத் தாழிட்டு, வலது பக்கத்தை அளந்து, பழக்கதோஷத்தில் துணியை மடித்து, ஒரே வெட்டில் இரண்டு முன்பக்கங்களையும் வெட்டி, மூட்டிப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இடது பக்கம் பழைய பாடிக்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். பஞ்சுக்குக் கனமில்லை, மேலே மேலே ஏறுகிறது என்று ஒரு பிடி அரிசியும் சேர்த்திருந்தாள். பார்வைக்கு மேடாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது மேட்டை மட்டுமா? அக்குள்வரை வழித்து எடுத்திருந்தார்கள். தோலை இழுத்துத் தைத்ததில் தோள் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. கை வைக்கும் வளைவு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மார்பு மேட்டுக்காக மடித்துத் தைத்த டாட் காலிப் பானை மாதிரி உப்பி நின்றது. சட்டை முழுக்க வலது பக்கம் கோணிக்கொண்டு இழுத்தது. இந்த ஊரில் ஒருத்தியின் சட்டைத் தோள் கொஞ்சம் தொங்கினாலே, புருஷனுக்கு வேலை போய்விட்டதா என்று கேட்பார்கள். இந்தக் கோலத்தைப் பார்த்தால் கேள்வியே கேட்க மாட்டார்கள். புரிந்துகொள்வார்கள்.

பிரித்துச் சரிபண்ண வழியில்லை. காபாவுக்குத் தையல் விட்டு வெட்டுவது நூலளவுதான். கழுத்தும் வெட்டியாகிவிட்டது. அதே துணி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று, பெசிவாவின் கடையை விட்டுவிட்டு, சந்தையில் மற்றக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினாள். எல்லை தாண்டி லோமேயிலிருந்து வந்த சரக்கு, தீர்ந்துபோச்சு என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மேல்துணியை எடுத்து விரித்தாள். கத்தரியை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். ஓரத்தில் கொஞ்சம்தானே, மீதியைச் சின்னதாகச் சுற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவை மடிக்கவில்லை. இடது பக்கத்தை மட்டும் தனியாக வரைந்து வெட்டினாள்.

அது தோளில் குறைந்துபோனது.

அடுத்ததை வெட்டினாள். தைத்து முடித்துத் தூக்கிப் பிடித்தால், வலது பக்கத்துப் பறவையெல்லாம் மேலே பறக்கிறது, இடது பக்கத்துப் பறவையெல்லாம் தலைகீழாக விழுகிறது. அவசரத்தில் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறாள். அராபா வாய்விட்டு அழுதாள். பாவிகளா, மாரைத்தான் எடுத்தீர்கள், புத்தியையுமா எடுத்தீர்கள் என்று முகம் தெரியாத டாக்டரையெல்லாம் திட்டினாள். செத்துப்போன அம்மாவையும் திட்டினாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த துண்டில் டாட் பிசகியது. அதற்கும் அடுத்தது பொருந்தியது. தோளை இறக்கி, டாட்டைப் பாதியாக்கி, அக்குள் பக்கம் லைனிங்குக்குள் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி வைத்துத் தைத்த பிறகு, சட்டை அவள் உடம்பில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், ஆடிப் பார்த்தாள். அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாகக் கண்ணாடியில் தன்னை நேராகப் பார்த்தாள்.

மேல்துணியில் தலையில் கட்டிக்கொள்ள ஒரு கீற்றுதான் மிஞ்சியது. கெட்டுப்போன துண்டுகளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு மூடினாள். மேல்துணி எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. பெண் வீட்டு அமளியில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள்.

எல்லோரும் கவனித்தார்கள். சனிக்கிழமை காலை நிச்சயத்துக்காக முற்றத்துப் பந்தலில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்ததும், முதலில் வாயைத் திறந்தது அராபாவின் சொந்தக்காரிகள்தான். சம்பந்திப் பேச்சில் எதிராளியை மட்டம் தட்ட ஒரு சாக்கு கிடைத்தால் விடுவார்களா? மாப்பிள்ளை வீட்டுத் தாராளத்தைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார்கள். பெசிவாவின் கெஜக்கோலைக் கறையான் அரித்துவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள்.

"மாமியாக்காரிக்கு நாலு கெஜம் குடுத்தவன், பொண்டாட்டிக்கு என்னத்த குடுப்பான்? கைக்குட்டையா?" என்றாள் இன்னொருத்தி. பந்தலே சிரித்தது.

ஃபிஃபி தலையைக் குனிந்துகொண்டான். தோழிகள் நடுவில் இருந்த மான்சா அம்மாவைப் புரியாமல் பார்த்தாள். பெசிவாவின் முகம் கருத்துப்போனது. எழுந்து வந்து அராபாவின் கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் வலித்தது. உள்ளே வா என்று அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஆறு கெஜம், என் கையால அளந்தேன். மீதி ரெண்டு எங்க? யாருக்குக் குடுத்த?"

அராபா தலையில் கட்டியிருந்த கீற்றை இழுத்துச் சரிபண்ணினாள்.

"சொல்ல மாட்டியா? எம் புள்ளைய நடுச்சபையில கஞ்சன் ஆக்கிட்டு ஊமையாட்டம் நிக்கிற. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கணும்னு எங்களுக்குத் தலையெழுத்தா? இப்பவே கிளம்பிடுறோம்."

அராபாவின் கண் அவளை அறியாமல் பெட்டிப் பக்கம் போய் வந்தது. பெசிவா வியாபாரி. கண் போகிற இடம் அவளுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து சுருட்டி வைத்திருந்ததை எடுத்துக் கட்டிலில் உதறினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் குனிந்து பார்த்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள். முன்பக்கம், இடது. இன்னொரு முன்பக்கம், தலைகீழ்ப் பறவைகளோடு. அதுவும் இடது. மற்ற இரண்டும் இடது. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தோளைப் பார்த்தாள், டாட்டைப் பார்த்தாள். வலது பக்கத்துத் துண்டு ஒன்றுகூட இல்லை.

துண்டுகளைக் கட்டிலிலேயே விட்டாள். பிறகு அராபாவின் அருகே வந்து, சட்டையின் இடது பக்கத்தில் கையை வைத்து மெல்ல அழுத்தினாள். உள்ளே அரிசி நெறுநெறுத்தது.

"எப்ப எடுத்தாங்க?"

"மழைக்காலத்துல."

"உங்கம்மாவும் இதுலதான் போனாங்களா?"

அராபா தலையை மட்டும் ஆட்டினாள். இனி மறைக்க எதுவுமில்லை.  பெசிவாவின் காலைப் பிடித்துவிடலாமா என்று நினைத்தாள். என்னை என்ன வேண்டுமானாலும் பேசு, என் பெண்ணை விட்டுவிடாதே என்று சொல்ல நினைத்தாள். 

பெசிவா துண்டுகளைப் பழையபடி சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"என் முகத்தப் பாத்துப் பொய் சொன்ன இல்ல? அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். "அது கெடக்கட்டும். மான்சாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு அவகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், பெத்தவ நீதான் சொல்லணும். சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அவளுக்கும் மாருன்னு ஒண்ணு இருக்கு இல்ல?"

கதவைத் திறந்துகொண்டு பெசிவா முன்னால் போனாள். பந்தல் நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"துணி குறைச்சல்தான். நான்தான் அளவுல தப்புப் பண்ணிட்டேன். சம்பந்தியம்மா பெருந்தன்மையா வாயத் திறக்கல. அபராதத்தப் போடுங்க, கட்டிடுறேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊர்ச் சந்தையில் துணி எடுக்கிற பாதிப் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அவள் கடையில் ஒவ்வொருத்தியும் துணியைப் பிரித்துத் தன் முழங்கையால் அளந்து பார்ப்பாள் என்பது பெசிவாவுக்குத் தெரியாதா? பெண் வீட்டுக்காகப் பேசும் கிழவி ஒரு பாட்டில் சாராயம் அபராதம் என்றாள். பெசிவா பாட்டிலைக் கொண்டுவந்து வைத்து, குனிந்து மன்னிப்பும் கேட்டாள். அராபா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகளைப் பிரியப் போகிற துக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

அப்புறம் வழக்கப்படி மான்சாவை நடுவில் நிறுத்தினார்கள். இவர்கள் கொண்டுவந்த சாராயத்தை வாங்கிக்கொள்ளலாமா, வாங்கினால் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டாயே என்று அராபாவின் அண்ணன் அவளிடம் ஒரு தடவை கேட்டார், இரண்டாவது தடவை கேட்டார், மூன்றாவது தடவையும் கேட்டார்.

"வாங்கிக்குங்க மாமா" என்றாள் மான்சா, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே.

பெண்கள் குலவையிட்டார்கள், மேல்துணிகளைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார்கள். அராபா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் டோரிண்டா தைத்த சட்டை. துணியை இரண்டாக மடித்து, ஒரே வெட்டாக வெட்டித் தைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல அவ்வளவு கச்சிதமாக இருந்தது.