ஏழாவது கட்டுரை

பாராட்டுக் கூட்டத்தில் டாக்டர் வீரபாகு எழுதிய கட்டுரைகளின் பெயர்களை ஒருவர் வாசித்தார். கைக்குழந்தைகளின் பேதி, கல்லீரல் வீக்கம், பால்பல் சொத்தை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். ஏழாவதாக, "இராசிபுரம் நெசவாளர் குழந்தைகளின் மாலைக்கண்ணும் மீன் எண்ணெயின் பயனின்மையும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டுரை தின்றது என் கண்ணை.

யுத்தம் வருவதற்கு முன்பு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். சேலத்துத் தறிக்காரர் மகன், எங்கள் சனம்தான். பொழுது சாய்ந்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் தறிக்கட்டையில் மோதிக்கொண்டு விழுவோம். அதற்கு மருந்து கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார். கிழக்கு வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் தினம் ஒரு கரண்டி மீன் எண்ணெய். மேற்கு வரிசைக்கு ஒன்றும் கிடையாது. குடிக்காத பிள்ளையோடு ஒப்பிட்டால்தானே குடித்த பிள்ளைக்குக் குணமானது தெரியும்! எங்கள் வீடு மேற்கு வரிசை.

எதிர்வீட்டு ராமாத்தாள் பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அப்போது பேச்சுவார்த்தைகூட இல்லை. இருந்தாலும், ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க இன்னொன்றுக்கு மட்டும் ஊட்டுவது எங்கள் தெருவில் நடக்காத காரியம். அப்படித் தின்ற பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகாது என்பார்கள். மருந்துக்கும் அதே முறைதான்.

"வாயத் தொற சாமி," என்று பெரியம்மா அரைக் கரண்டியை என் வாயில் ஊற்றினாள். "டாக்டரு கேட்டா மூச்சு உடாதே."

தெரு முழுக்க இதுதான் நடந்தது. டாக்டருடைய அம்மாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பங்கு கொடுத்துத்தான் அவரை வளர்த்திருப்பாள். படிக்கப் போன இடத்தில் அதை மட்டும் தொலைத்துவிட்டு வந்திருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்த்தார். இரண்டு வரிசைப் பிள்ளைகளும் அந்தி மங்கலில் ஒன்றுபோல நடந்தோம். மழைக்குக் கீரை முளைத்தது, தின்ற பிள்ளைகளுக்குத் தானாகவே குணமாகிவிட்டது, எண்ணெய் தண்டம் என்று எழுதினார். சீமைப் பத்திரிகையில் அச்சானது. அதைப் படித்த அதிகாரிகள் எண்ணெயை நிறுத்தினார்கள்.

அடுத்த கோடையில் கீரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. என் கண் வறண்டு, வெளிச்சம் பட்டாலே எரிந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு டாக்டரிடம் ஓடினாள்.

"தப்பு எங்க மேலதானுங்க சாமி. கெழக்கு வரிச எண்ணெய அல்லாப் புள்ளைங்களுக்கும் பங்கு போட்டுக் குடுத்துப்போட்டோம். அதனாலதானுங்க ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தேறுச்சு. நீங்க சொன்னா மறுக்காவும் எண்ணெய் வருமுங்க. தெரு முச்சூடும் புள்ளைங்க கண்ணு கெட்டுக் கெடக்குது."

"கட்டுரை அச்சாகிருச்சும்மா. இப்பப் போயி மாத்திச் சொன்னா என்னை ஆரு மதிப்பாங்க?" என்றார் டாக்டர். எழுந்து அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "உம் புள்ளைக்கு மட்டும் குடு. ஆருகிட்டயும் சொல்லாதே."

அம்மா சொல்லவில்லை. மீன் வாடை சொல்லிவிட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் வந்து நின்றன. அம்மா அழுதுகொண்டே கரண்டியை எடுத்தாள். சீசா சீக்கிரமே காலியானது. ஆடி பிறப்பதற்குள் என் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது.

அம்மாமேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கையில் இருந்தது ஒரு சீசா. தெருவுக்கே எண்ணெய் வரவழைக்கும் பேனா அவர் கையில் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் பெரியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். ரோஜா மாலை வாசம் வந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

"நான் இராசிபுரம் பாவாயிங்க. மேக்கு வரிச. அந்த ஏழாவது கட்டுரையத் திருத்திப் போட்டீங்களா?"

அவர் என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"நான் எழுதினதுலயே அதைத்தாம்மா நெறையப் பேரு ஆதாரமாக் காட்டறாங்க. இனி எப்படி..." பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: "கண்ணு கொஞ்சமாவது தெரியுதா?"

"உங்க கட்டுரைப்படி தெரியணுமுங்க," என்றேன்.