தாம்பூலத் தட்டில் ஒப்பந்தம்

வெள்ளிக்கிழமை ராகுகாலம் வருவதற்குள் கையெழுத்தாகிவிட வேண்டும் என்று சௌந்திரம் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் மதுமதியின் ஆஸ்பத்திரிக்கு அவர் அரக்கப்பரக்க வந்து இறங்கியதே அதற்குத்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற சின்ன பிரசவ ஆஸ்பத்திரி அது. வரும்போதே தாம்பூலத் தட்டு, வாழைப்பழம், மஞ்சள் தடவிய தேங்காய் என்று எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பார்த்தவர்கள் நிச்சயதார்த்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நடக்க இருந்ததோ ஒரு ஒப்பந்தம். நோயாளிகளுக்கு பில் போடுவது, அதைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது, பணம் வரும்வரை பின்னாலேயே அலைவது ஆகிய வேலைகளை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தம். அந்த நிறுவனத்தை ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் நடத்துகிற பூபதி, சௌந்திரத்தின் மகள் யுவஸ்ரீயைக் கட்டியவர். மாப்பிள்ளையின் காகிதம் வெறும் மேஜையில் வரலாமா? அதனால்தான் தட்டு.

மதுமதிக்கும் இந்த ஏற்பாடு தேவையாகத்தான் இருந்தது. பில் போட்டுக்கொண்டிருந்த அன்புச்செல்வி தன் பிரசவத்துக்கு லீவு எடுத்ததிலிருந்து, காப்பீட்டுக்குப் போன பில்கள் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தன. ஆபீசைப் பார்த்துக்கொண்ட கணவன் கதிர்வேல் லாரிக் குடும்பத்துப் பிள்ளை. டயரைத் தட்டிப் பார்த்தே ஆயுள் சொல்வான், டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பான். ஆனால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே கொடுங்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் பூபதி நழுவினார். நம்மூட்டுக்குள்ள என்ன அம்மணி, வாரப்பக் கொண்டாறேன் என்பதே பதில்.

பூபதிக்காகக் காத்திருந்த நேரத்தில் சௌந்திரம் தன் பெருமை ஒன்றைச் சொன்னார்.

“மெட்ராஸ்ல இருந்து ஒரு புள்ள போன் பண்ணுச்சு சாமி. ஒடம்பு எப்படீங்க இருக்குது, ஆஸ்பத்திரியில நல்லாப் பாத்தாங்களா, தனியாக் காசு கீசு வாங்குனாங்களான்னு கேட்டுச்சு. எம் மருமவ ஆஸ்பத்திரியாச்சே, உட்டுக் குடுப்பனா? தங்கமாப் பாத்தாங்க, ஒத்தக் காசு வாங்குலீங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

மதுமதி சிரித்துவிட்டாள். போனில் யார் என்ன கேட்டாலும் ‘ஆமாங்க’ சொல்வது அத்தையின் சுபாவம். இல்லை என்றால் எதிராளியின் மனசு நொந்துபோகுமாம். இப்படி ஆமாங்க சொல்லிச் சொல்லியே வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் இரண்டு வந்து நிற்கிறது. இதுவும் அந்த மாதிரி ஏதாவது விசாரிப்பாக இருக்கும் என்று அவள் அதோடு மறந்துவிட்டாள்.

பூபதி வந்தார். ஒப்பந்தத்தை அவரே தட்டில் வைத்து, மேலே இரண்டு வெற்றிலையைப் போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டியிருப்பதாகவும், அதைப் பார்த்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

“படிச்சுட்டுப் போடறேனுங்கண்ணா” என்றாள் மதுமதி.

கதிர்வேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சௌந்திரத்தின் முகம் சுருங்கிவிட்டது.

“பங்காளி குடுக்கற பத்திரத்தப் படிக்கோணுஞ் சாமி. மாப்பிள்ள குடுத்ததப் படிச்சா அவர நம்புலீன்னு ஆவுமல்லொ.”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிக்கொள்கிற குடும்பம்தான். ஆனால் அந்தப் பழமொழியை மாப்பிள்ளை எதிரே எடுக்க மாட்டார்கள். வெளியே இரண்டு கர்ப்பிணிகள் காத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு அப்படியே புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, பதிலுக்கு நிற்காமல் தட்டிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு மதுமதி தன் அறைக்குள் போய்விட்டாள். அத்தையின் பார்வை கதவு வரைக்கும் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

இரண்டு பேரையும் பார்த்து அனுப்பினாள். இரண்டாமவளின் வயிற்றில் கை வைத்திருந்தபோதே மனசு மேஜையில்தான் கிடந்தது.

முதல் பக்கங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வேலை யாருடையது, எதை எப்போது அனுப்புவது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே வெட்கமாக வந்தது. அதற்கப்புறம், விலகுவதென்றால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அதுவரை நோயாளிகளின் பதிவுகள் நிறுவனத்திடமே இருக்கும் என்று ஒரு விதி. இது கொஞ்சம் இடித்தது. பேசித் திருத்திக்கொள்ளலாம் என்று ஓரத்தில் கோடு போட்டாள். கதவைத் தட்டிய கதிர்வேல், ராகுகாலம் நெருங்குகிறது என்று அம்மா பறப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த பக்கத்தில் அவள் கை நின்றது.

ஆஸ்பத்திரியின் குறிப்புகள் போதாத இடத்தில் நிறுவனமே நிரப்பிக்கொள்ளலாம். முன்னோட்டக் காலத்தில் பெற்றுக்கொண்ட, மருத்துவர் கையெழுத்திட்ட வெற்று லெட்டர்பேடுகளை அதற்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம். பொய்யான பில் என்று எது பிடிபட்டாலும், அது ஒப்பந்தத்துக்கு முன்பு அனுப்பியதாகவே இருந்தாலும், பொறுப்பு கையெழுத்திட்ட மருத்துவர் ஒருவருடையதே.

எந்த முன்னோட்டம்? எந்த லெட்டர்பேடுகள்?

எந்த லெட்டர்பேடுகள் என்பது கேட்கும்போதே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை தோறும் ஒரு கட்டு வெற்று லெட்டர்பேடில் அவளே கையெழுத்துப் போட்டு வைப்பாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்போது ஒரு கையெழுத்துக்காக யாரும் கதவைத் தட்டக் கூடாது என்பதற்காக. ஊசி மருந்தை மூன்று முறை சரிபார்க்கிற டாக்டர், தன் பெயரை மட்டும் இப்படி அவிழ்த்து விட்டிருந்தாள்.

கதிர்வேலைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஏனுங்க, நான் கையெழுத்துப் போட்ட லெட்டர்பேடு அண்ணங்கிட்டக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன். ஒப்பந்தம் போடறதுக்கு முன்னாடி ஒரு நம்பிக்கைக்குன்னு கேட்டாரு” என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “லாரிக்கு பைனான்ஸ் எடுத்தா நாம குடுக்கறதில்லையா மது? எங்கப்பா எத்தன வெத்துத்தாள்ல போட்டுக் குடுத்திருக்காரு. கடன் முடிஞ்சா திருப்பிக் குடுத்துருவாங்க.”

அவன் சொன்னது பொய்யில்லை. நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களுக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது டீ குடிப்பது மாதிரி. கையெழுத்து வாங்கியவன் அதில் கை வைக்க மாட்டான் என்கிற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே உருள்கிறது. ஆனால் லாரி போனால் இன்னொரு லாரி வாங்கிக்கொள்ளலாம். பொய் பில்லுக்குக் கையெழுத்துப் போட்டவள் என்று மெடிக்கல் கவுன்சில் பேரை அடித்துவிட்டால், நாளைக்கு ஒரு பிரசவம் பார்க்க முடியாது. படித்த படிப்பு, மாமனார் லாரிகளை விற்றுக் கட்டிக்கொடுத்த இந்தக் கட்டிடம், எல்லாம் அந்த ஒரு கட்டுத் தாளில் தொங்குகிறது.

அப்போதுதான் அத்தையின் மெட்ராஸ் போன் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்காத ஒருவரிடம், ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்களா என்று யாராவது ஏன் கேட்க வேண்டும்? பில் வந்த நோயாளியைக் காப்பீட்டுக் கம்பெனிதான் இப்படிக் கூப்பிட்டு விசாரிக்கும். அத்தைக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்தது யார்? பூபதிதான். கார்டும் அவரிடம்தான் இருக்கிறது. மதுமதி தாள்களை மேஜையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“அத்தை, அந்தப் புள்ள போன்ல வேற என்ன கேட்டுச்சுங்க?”

சௌந்திரத்துக்கு எரிச்சல். நேரம் போகிறது, இப்போது என்ன போன் கதை என்றார். மதுமதி விடவில்லை. அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். ஆபரேசனுக்கு அப்புறம் வலி இருக்கிறதா என்று கேட்டாளாம். பளு தூக்காமல் இருக்கிறீர்களா என்றாளாம். ஆஸ்பத்திரி பேரைச் சொல்லித்தான் கேட்டாள், எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்று சொல்லிவிட்டாராம்.

மதுமதி பூபதியைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அத்தைக்கு என்ன ஆபரேசன் போட்டிருக்கீங்கண்ணா?”

பூபதி முதலில் சிரிக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை. அப்புறம் அது வெறும் டிரையல் என்றார். லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு பில் போட்டதாகவும், ஊரார் பேரில் போட்டால் தப்பு, நம்மவர் பேரில் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். பணம் இன்னும் வரவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

“என்ன ஆபரேசனுங்க?”

“கர்ப்பப்பை எடுத்ததா” என்றார், தேங்காயைப் பார்த்துக்கொண்டு.

வெளியே மலையேறும் பஸ் ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. சௌந்திரம் தன்னை அறியாமலே சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

“எதைங்க மாப்ள எடுத்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். “உங்க பொண்டாட்டியச் சொமந்துச்சே, அதையா?”

பூபதி எழுந்துவிட்டார். கும்பிடாத குறையாகப் பேசினார். பில்லை வாபஸ் வாங்கிவிடுகிறேன், ஒரு பட்டனை அமுக்கினால் போதும், யாருக்கும் தெரியாது என்றார். மதுமதிக்கும் சபலம் தட்டாமல் இல்லை. ஒரு பட்டன்தானே. யுவஸ்ரீ வாழ்க்கையில் கல் விழாது, இந்த வெள்ளிக்கிழமையும் மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போலக் கழிந்துவிடும். ஆனால் அவள் கையெழுத்தோடு ஒரு பொய் மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாட்சியாக அத்தையின் குரலும் அங்கே பதிவாகியிருக்கும். இன்றைக்கு மூடி மறைத்தால் என்றைக்கு வேண்டுமானாலும் கதவைத் தட்டும். அப்போது அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

“எழுத்துல குடுக்கப்போறேனுங்கண்ணா. காப்பீட்டுக் கம்பெனிக்கு, இன்னைக்கே.”

“எழுத்துல போனா எம்பட கம்பெனி அத்தோட போச்சு அம்மணி” என்றார் பூபதி. குரலில் கெஞ்சல் போய் வேறு ஏதோ வந்திருந்தது. “யுவஸ்ரீ மொகத்துல நாளைக்கு எப்படி முழிப்பீங்க எல்லாரும்? அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க.”

பதில் சொன்னது கதிர்வேல். யுவஸ்ரீயின் கல்யாணம் ஆன நாள் முதல் மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன்.

“மாப்ள, மொதல்ல அந்த லெட்டர்பேடு கட்டக் கொண்டாங்க.”

பூபதி காருக்குப் போய் ஒரு உறையை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். கதிர்வேல் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

மதுமதி உட்கார்ந்து எழுதினாள். சௌந்திரம் என்கிற என் மாமியாருக்கு இங்கே எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை, என் கையெழுத்தைத் தவறாகப் பயன்படுத்தி அனுப்பப்பட்ட பில் அது, ரத்து செய்யவும் என்று எழுதி முடித்தாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் அத்தையின் கையெழுத்தும் வேண்டும். ஆபரேஷன் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். கெஞ்சவும் மனமில்லை, வற்புறுத்தவும் வாய் வரவில்லை. ஒரு பக்கம் பெற்ற மகளின் வாழ்க்கை, இன்னொரு பக்கம் மருமகளின் பேர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தம்மாளுக்குத்தான் வலி. அவர் இன்றைக்குப் போடாமல் எழுந்து போனால் குறை சொல்ல முடியாது என்றுகூட மதுமதிக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் போட வேண்டும் என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டிருந்தாள்.

சௌந்திரம் பேனாவை எடுத்தார். பூபதி “அத்தை” என்றார். சௌந்திரம் அதைக் காதில் வாங்கவில்லை. பேனாவைப் பிடித்தபடியே தாளை மருமகள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

“படி சாமி. படிச்சுக் காட்டு, பொறகு போடறேன்.”

மதுமதி படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டிக்கொண்டு வந்தார். முடிந்ததும் தலை நின்றது.

“போன்ல நான் ஆமாங்கன்னு சொன்னது அதுல இல்லையே.”

“அது வேண்டாமுங்க அத்தை. உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு?”

“நான் சொன்னது சொன்னதுதான? நாளைக்கு அந்தப் புள்ள கேட்டா, ரெண்டுல எது பொய்யின்னு கேக்குமல்லொ. அதையும் எழுது. வெவரந் தெரியாம ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்னு எழுது.”

மதுமதிக்கு முகம் சுட்டது. அத்தை சொன்னதை மட்டுமா விட்டிருந்தாள்? கையெழுத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியவள், வெற்றுத்தாளில் அதைப் போட்டு வைத்தது யார் என்று எழுதவில்லை. அதையும் எழுதினால் கவுன்சில் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கும். என்ன முடிவு செய்வார்கள் என்று சொல்ல முடியாது. பயமாகத்தான் இருந்தது. அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்து, அத்தையிடமிருந்து பேனாவை வாங்கினாள்.

திங்கட்கிழமை தோறும் வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு வைப்பது என் வழக்கம் என்று முதல் வரியை எழுதினாள்.

எழுதி முடிக்கிறவரைக்கும் சௌந்திரம் பேனாவுக்குக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். பூபதி எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. மதுமதி மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டினாள். கேட்டு முடித்ததும், தாம்பூலத் தட்டைக் கவிழ்த்துத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டார் சௌந்திரம். வாழைப்பழமும் தேங்காயும் மேஜையில் கிடந்தன. ராகுகாலம் தொடங்கி வெகுநேரமாகியிருந்தது.