மே மாதம் வரை மூடிவைத்த சாவு

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஏப்ரலில், பனிக்காலத்தை அமெரிக்காவின் அரிசோனாவில் கழித்துவிட்டு நாங்கள் கனடாவின் சஸ்காச்சுவானுக்குத் திரும்பிய மறுநாள், எங்கள் சமையலறை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். வெயில் விழும் ஜன்னலோர நாற்காலியில் என் கணவர் மெல்வின். அவருக்கு வலப்பக்கம் எங்கள் மகன் டேல். கோட்டைக்கூடக் கழற்றாமல், எந்த நேரமும் எழுந்து போகிறவன் போல நாற்காலியின் நுனியில். டேலுக்கு அடுத்து பக்கத்து வீட்டு இர்மா. அவள் சுட்டுக் கொண்டுவந்த பேரீச்சை கேக் தட்டு அவளுக்கே எட்டும் தூரத்தில். அடுப்புப் பக்கம் நான். ஐந்தாவது நாற்காலியில் யாரும் இல்லை. அதன் முன்னால் ஒரு கோப்பையை மட்டும் வைத்திருந்தேன்.

வெளியே முற்றத்தில், பனிக்காலம் முழுக்க நாங்கள் உள்ளே தங்கும் டிரெய்லர் நின்றது. அதை இழுத்து வந்த பிக்கப் வண்டியின் மீது நான்கு மாநிலங்களின் சேறு. வேலியோரம் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. மெல்வின் அரிசோனாவில், டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் பார்க்கில் தான் நட்ட எலுமிச்சை மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்க இங்க மூக்கு உறைஞ்சு கிடந்தோம், நீ எலுமிச்சை பறிச்சியா? வெட்கமா இல்ல?" என்றாள் இர்மா.

"வெட்கமும் உறைஞ்சு போச்சு இர்மா. ஜூன்ல உருகும், அப்ப வா."

நான் சிரித்தேன். டேல் சிரிக்கவில்லை. இர்மா ஐந்தாவது கோப்பையைப் பார்த்தாள். "இது யாருக்குடி?"

"என்ன கேள்வி? வெர்னாவுக்குத்தான். நாங்க வந்து இறங்கின மறுநாள் காலைல அவதானே முதல்ல வந்து நிப்பா. ஜனவரியில இருந்து எனக்கு ஒரு வரி எழுதல, கழுதை. வரட்டும், வச்சுக்கறேன் அவளை."

இர்மாவின் கையில் இருந்த கேக் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வை, எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்க்கிற பார்வை. பிறகு மெல்வினைப் பார்த்தாள். டேல் மேசையைப் பார்த்தபடியே சொன்னான்:

"அப்பா, வழியில சொல்லிடறேன்னு சொன்னீங்க."

"என்னத்தை?" என்றேன்.

சொன்னது இர்மாதான். இர்மாவை வம்புக்காரி என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த மேசையில் நேர்மையாக இருந்தது அவள் ஒருத்திதான்.

"வெர்னா போயிட்டாடி. ஜனவரி கடைசியில. கர்லிங் மைதானத்துல ஐஸ் மேல கல்லு தள்ளி ஆடி முடிச்சுட்டு பெஞ்சில உக்காந்தா, ஷூவைக் கழட்டக் குனிஞ்சா, அவ்வளவுதான். உனக்குத் தெரியும்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. நீ மனசு உடைஞ்சு கிடக்கே, பயணம் பண்ண முடியாதுன்னு மெல்வின்தானே நெஸ்டருக்கு ஃபோன்ல சொன்னாரு!"

நெஸ்டர் வெர்னாவின் கணவர். வெர்னா என்னோடு ஒரே அறைப் பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் எட்டு வகுப்பு படித்தவள். என் தலைமுடியை நாற்பது வருடமாக வெட்டிவிட்டவள். எங்கள் டிரெய்லரைச் "சக்கரம் வச்ச கக்கூஸ்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு அக்டோபரிலும் நாங்கள் கிளம்பும்போது சாலை முனை வரை வந்து கையசைத்தவள்.

காபிப் பாத்திரத்தைத் திரும்ப அடுப்பில் வைத்தேன். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடினேன். அதன் பிறகு கேட்டேன்: "உனக்கு எப்பத் தெரியும் மெல்வின்?"

"அன்னைக்கே."

எங்கள் பார்க்கில் டிரெய்லருக்குள் ஃபோன் கிடையாது. செய்தி, தபால் எல்லாம் வாசல் ஆபீசுக்கு வரும். முழங்காலுக்கு நல்லது என்று மெல்வின்தான் தினமும் அங்கே நடந்து போய் வருவார். வந்த தபாலில் துக்கச் செய்தி இருந்ததையெல்லாம் அவர் எடுத்துவிட்டார். நான் அனுப்ப வேண்டியதை வாங்கிக்கொண்டு போவதும் அவர்தான். பிப்ரவரி முழுக்க, மார்ச் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் நான் வெர்னாவுக்கு எழுதினேன்.

"அந்தக் கடுதாசியெல்லாம்?"

"போட்டேன்."

"செத்தவளுக்குன்னு தெரிஞ்சே போட்டியா?"

"கிழிச்சுப் போட மனசு வரல அர்டிஸ்."

இர்மா எழுந்து கோட்டை மாட்டினாள். தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. டேலும் எழுந்தான். "நான் சொல்லணும்னுதான் சொன்னேம்மா," என்றான்.

"யாருகிட்ட சொன்னே? என்கிட்டயா? ஸ்டாம்பு வாங்க உன்கிட்ட காசு இல்லையா?" என்றேன். அவன் போய்விட்டான்.

மெல்வின் அப்போதுதான் தன் வாதத்தை எடுத்து வைத்தார். வழியெல்லாம், மொண்டானா மாநிலம் முழுக்க, அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு வழவழப்பாக இருந்தது.

"இங்க பாரு. மண்ணு இரும்பு மாதிரி உறைஞ்சு கிடக்கு. மே மாசம்தான் குழி வெட்டுவாங்க. அதுவரைக்கும் அவ கல்லறைக் கொட்டகையிலதான் இருக்கா. புதைக்கறப்ப நாம இங்க இருப்போம். நீ எதையும் தவறவிடல. நான் மறைக்கல, தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாகிறவர்களுக்கு இரண்டு நாள் உண்டு. சர்ச்சில் பிரார்த்தனையும், கீழறையில் முட்டை சாண்ட்விச்சும் காபியுமாக ஒரு நாள். மண் இளகியபின் புதைப்பது இன்னொரு நாள். முதல் நாளில்தான் அழுவார்கள், கதை சொல்வார்கள், செத்தவரின் புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது நாள் மண்வெட்டிக்காரர்களின் நாள். இது மெல்வினுக்குத் தெரியாதா? தன் அம்மாவையும் அண்ணனையும் அப்படித்தான் அனுப்பிவைத்தார். தெரிந்தேதான் இரண்டாவது நாளை எனக்கு ஒதுக்கிவிட்டு, முதல் நாளைத் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் டிரெய்லரில் படுத்தேன். முற்றத்தில் தண்ணீர் இன்னும் இரவில் உறைந்தது. சின்ன ஹீட்டரும் மூன்று கம்பளியும் போதுமாக இருந்தன. அவர் சாப்பாட்டை அவரே செய்துகொண்டார், அதாவது டப்பாவில் வந்த பீன்ஸைச் சூடு பண்ணிக்கொண்டார். ஊர் சிரித்தது. கடையில் இர்மாவே சொன்னாள்: "அந்த வண்டியில ஊர் சுத்தப் போனதாலதான் இவ்வளவும், சண்டை போட்டுட்டு அந்த வண்டிக்குள்ளயே போய்ப் படுக்கறா. இதைக் கேட்டா வெர்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

சிரித்திருப்பாள்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நெஸ்டரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்றபடி, உள்ளே வா என்று சொல்லாமல், "வெயில் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை கதவுப் பிடியை அவர் விடவில்லை. பிறகு உள்ளே போய், வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டிய ஒரு கட்டோடு வந்தார். என் கடிதங்கள்.

"இது ஒவ்வொண்ணா வர வர எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. செத்தவளுக்கு வாராவாரம் எழுதறா, உயிரோட இருக்கற எனக்கு ஒரு வரி இல்லையேன்னு. உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம், இல்ல, திமிருன்னு நினைச்சேன்."

"பிரிச்சுப் பாத்தியா நெஸ்டர்?"

"என் பேர் போடலையே."

கடைசிக் கடிதத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு நினைவிருந்தது. 'இவ்வளவு நாளாய்ப் பதில் இல்லை, உயிரோடுதான் இருக்கிறாயா, இல்லை என்னை மறந்து இர்மாவோடு சேர்ந்துகொண்டாயா' என்று. அந்த வரியை மெல்வின் படித்திருக்க முடியாது, ஒட்டித்தான் கொடுத்தேன். ஆனால் உறையைக் கையில் வாங்கிக்கொண்டு, "வெர்னாவுக்கா? சரி சரி, குடு," என்று சீட்டியடித்தபடி போனாரே, அந்தச் சீட்டி என் காதில் இருந்தது.

அதன் பிறகுதான் நெஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவளுடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். முதல் நாளில் செய்ய வேண்டியதை நாங்கள் இருவரும் அன்று செய்தோம்.

மே மாதம் இரண்டாவது வாரம் புதைத்தார்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர்தான். நெஸ்டர் முதல் பிடி மண்ணைப் போட்டார். இரண்டாவது பிடியை என்னிடம் கொடுத்தார். மெல்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். நாகரிகமாகத்தான் நின்றார். பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னார்: "பாத்தியா? வந்து சேர்ந்துட்டோமா இல்லையா?"

"வண்டியை நிறுத்து," என்றேன்.

"இன்னும் கிளப்பவே இல்லையே."

"அப்ப கிளப்பாதே. கேளு. பேசினா அவளைப் பத்திப் பேசணும், அழுதா அவ வீட்டுல உக்காந்து அழணும். அவ செத்த அன்னைக்குச் சாயங்காலம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? பார்க்கு கிளப் ஹவுசுல மெக்சிக்கோ தொப்பி போட்டுக்கிட்டு டான்ஸ் ஆடினேன். நீ பாத்துக்கிட்டிருந்தே. கை தட்டினே."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லியிருந்தா நீ பிளேன் ஏறியிருப்ப," என்றார். "ஏறினா திரும்பி வந்திருக்க மாட்ட. இந்த வருஷம் மட்டும் இல்ல, எப்பவுமே. நெஸ்டரைப் பாத்துக்கணும், சர்ச் சமையலைப் பாத்துக்கணும்னு இங்கயே உக்காந்திருப்ப. நாப்பது வருஷம் அந்தக் குளிர்ல மாட்டுக்குத் தண்ணி காட்டினேன் அர்டிஸ். விரல் ரெண்டு இன்னும் மரத்துக் கிடக்கு. எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு இடம்தான். அதை விட முடியல."

அது உண்மை. அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். திரும்பி வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. எனக்கும் அரிசோனாவின் விடியற்காலை பிடிக்கும். கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு வெளியே உட்கார்ந்து காபி குடிப்பது பிடிக்கும். கேட்டிருந்தால் ஒருவேளை போய்விட்டு வந்திருப்பேன். அதை முடிவு செய்ய வேண்டியவள் நான். அவர் என்னிடம் கேட்காமலே என் பதிலையும் சொல்லி, அதற்குத் தண்டனையும் கொடுத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போ," என்றேன்.

பார்க்கில் ஒரு விதி உண்டு. அடுத்த பனிக்காலத்துக்கு நம் இடம் வேண்டுமா, வேண்டாமா என்று மே முடிவதற்குள் எழுத வேண்டும். இடம் யார் யார் பேரில் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று எழுதினால், காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. விடைபெறுகிறவர்களின் கடிதத்தை மேனேஜர் லொரெட்டா கிளப் ஹவுஸ் பலகையில் ஒட்டி வைப்பாள். நான்கு மணிக்குக் கூடுகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டு, "பாவம், முழங்கால்," "பாவம், இதயம்" என்பார்கள். எல்லாரும் உடம்பைத்தான் காரணம் காட்டுவார்கள். ஒன்பது வருடத்தில் வேறு காரணம் எழுதிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே தாள். எழுதி முடித்து அவர் பக்கம் தள்ளினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

'அன்புள்ள லொரெட்டா, எங்கள் இடம் இனி எங்களுக்கு வேண்டாம். கடந்த ஜனவரியில் என் தோழி வெர்னா இறந்தாள். அதை என் கணவர் என்னிடமிருந்து ஏப்ரல் வரை மறைத்தார். அந்த இடத்தில் இனி என்னால் பனிக்காலத்தைக் கழிக்க முடியாது. எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.'

"இதை அவ பலகையில ஒட்டுவா," என்றார்.

"ஒட்டட்டும்."

"பக்கத்து டிரெய்லர் ஆல்வின் படிப்பான். எதிர் டிரெய்லர் ஐயோவாக்காரங்க படிப்பாங்க. சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு என்னைப் பத்திதான் பேசுவாங்க. மூட்டு வலின்னு எழுதேன். பொய்யும் இல்ல, எனக்கு வலிக்குதுதானே?"

"நான் போகாதது உன் முட்டியால இல்ல."

"சரி. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்து. 'தள்ளிப் போட்டார்'னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

"மாட்டேன். உனக்கு அந்த இடம் வேணும்னா வச்சுக்கோ, மெல்வின். நான் விட்டுக் குடுத்ததா மட்டும் எழுதறேன். நீ தனியாப் போ. ஆனா எனக்குச் சாவு வந்தா, உனக்கு யாரு சொல்லணும், எப்பச் சொல்லணும்னு இப்பவே டேல்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். முற்றத்தில் டிரெய்லரின் கூரையில் இரண்டு காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. தகரத்தில் நகம் கீறும் சத்தம் உள்ளே கேட்டது. நான் பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.

"வண்டியையும் வித்துடணுமா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"வேண்டாம். கோடையில ஏரிப் பக்கம் போலாம். ஒரு பகல்ல வீட்டுக்கு வந்து சேர்ற தூரத்துக்கு மேல நான் வர மாட்டேன். எப்ப வீட்டுக்குள்ள வந்து படுப்பேன்னு கேக்காதே, எனக்கே தெரியாது."

திரும்பி வந்து உட்கார்ந்தார். தாளை இன்னொரு முறை படித்தார். 'மறைத்தார்' என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது, மரத்துப்போன விரல்தான்.

"மறைச்சேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார், எப்போதும் எழுதுவதைவிடச் சிறியதாக.

மை காயும்வரை காத்திருந்தேன். மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நனைத்து, கட்டைவிரலால் முழுக்க அழுத்தி ஒட்டினேன். தபால் ஆபீசுக்கு நடந்தேன். அமெரிக்காவுக்கு என்று சொல்லிக் கூடுதல் ஸ்டாம்பு கேட்டு வாங்கி ஒட்டினேன். பெட்டியில் போடாமல், ஜன்னலுக்கு உள்ளே நீட்டினேன். உள்ளே இருந்த தபால்காரப் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தி, தெற்கே போகும் பைக்குள் போட்டாள்.