பன்னிரண்டாவது கை

நாகரசம்பட்டி ஜெயப்ரியா ஓசூரில் நர்சிங் முதலாமாண்டு படித்தாள். வகுப்புத் தோழி வினிதாவோடு மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வார்டுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரமாகியும் ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பிரஷர் பார்க்கும்போது மற்றவர்களுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் துடிப்பு அவள் காதுக்கு எட்டவே இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கேட்காதபோதெல்லாம் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதிவந்தாள்.

சனிக்கிழமை மாட்டிக்கொண்டாள். ஒரு நோயாளிக்கு அவள் எழுதியதில் சந்தேகப்பட்டு, வார்டு சிஸ்டர் ரேவதி மறுபடி பார்த்தார். நூற்றெழுபது இருந்தது.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லும்மா. சொல்லிக்குடுக்கத்தானே நாங்க இருக்கோம்? இல்லாத நம்பரை எழுதாத."

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் துணிகளைப் பையில் திணித்தாள்.

"எனக்கு இது வராதுடி. ஊருக்கே போயிடறேன்."

வினிதா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுத் தங்கமணியைக் கூட்டிவந்தாள். கணவர் செல்வத்துக்குக் கம்பெனி வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்தவள் தங்கமணி. நடந்ததைப் பொறுமையாகக் கேட்டாள்.

"அங்க ஏன்த்தா கேக்க மாட்டேங்குது?"

"பின்னாடி எல்லாரும் நிப்பாங்கக்கா. படபடன்னு பாத்துட்டு எழுந்துடறேன்."

"அம்புட்டுத்தானே? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இந்த லைன்ல எம்புட்டுக் கை இருக்கு! நிதானமாப் பாரு."

மறுநாள் காலை வினிதாவின் பிரஷர் மிஷினோடு தங்கமணி வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாகச் செல்வம் கையை நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த ஆட்களுக்கும் அதே கதைதான். வினிதா பக்கத்திலேயே இருந்து கவனித்தாள்.

"காத்தைப் படக்குனு விட்டுடற. மெதுவா விடு. ஸ்டெத்தை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி வை."

பன்னிரண்டாவதாக வந்தவர் கோடி வீட்டுச் சென்னம்மாள். தெலுங்கில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவரை வினிதா சைகை காட்டி அடக்கினாள். காற்று மெல்ல இறங்கியது. டொக். டொக். டொக்.

"கேக்குதுடி!"

ஜெயப்ரியா போட்ட சத்தத்தில் சென்னம்மாள் பயந்து கையை இழுத்துக்கொண்டார். பிறகு விஷயம் புரிந்து அவரும் சிரித்தார்.

கடைசியாகத் தங்கமணி உட்கார்ந்தாள். ஜெயப்ரியா இரண்டு தடவை பார்த்தாள். முகம் மாறியது.

"எனக்கு நூத்தி அறுவது மாதிரி கேக்குது. சரியான்னு தெரியல. வினிதா, நீயும் பாரு."

வினிதாவுக்கும் அதுவே வந்தது. பயந்துபோன தங்கமணியைத் திங்கட்கிழமை இருவருமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று வார்டுக்கு வந்தவர்களிடம் கேட்டார் ரேவதி சிஸ்டர்.

"எங்க வீட்டுப் புள்ளதான் சிஸ்டர்" என்று ஜெயப்ரியாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள் தங்கமணி. சிஸ்டர் சிரித்துக்கொண்டே, பிரஷர் பார்க்க வேண்டிய அடுத்த படுக்கையைக் காட்டினார்.

இப்போதெல்லாம் ஜெயப்ரியா தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியிலேயே யாராவது கையை நீட்டிவிடுகிறார்கள்.

"சாப்ட்டுட்டு வந்துடறேங்க, அஞ்சே நிமிசம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.