துணி துவைக்காத மெஷின்

புஷ்பவள்ளி நீலாய் டவுனுக்குப் போனது பழைய வாஷிங் மெஷின் ஒன்று வாங்க. வீட்டுக்கு வந்தது சிந்தசைசரோடு. இது எப்படி நடந்தது என்று அவள் கணவன் ஷங்கரால் இன்றுவரை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அவன் பக்கத்திலேயேதான் நின்றான்.

விற்றவர் சிந்துஜா, காலேஜில் பாடம் எடுப்பவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வேலை மாறிப் பினாங்குக்குப் போவதால் வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். ஷங்கர் குனிந்து வாஷிங் மெஷினின் முதுகைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், புஷ்பவள்ளியின் கண் மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டிமேல் விழுந்தது. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். மேலெல்லாம் திருகுகள். கீழே பொம்மைக்குச் செய்ததுபோல் குட்டிக் குட்டி ஆர்மோனியக் கட்டைகள்.

“இது என்னங்க டீச்சர்?”

“சிந்தசைசர். அனலாக். மலிவானதுதான், ஆனா நல்ல சத்தம். தொட்டுப் பாருங்கோ.”

புஷ்பவள்ளி ஒரு கட்டையை அழுத்தினாள். சிந்துஜா ஒரு திருகை மெல்லத் திருப்பினார். தரைக்கு அடியிலிருந்து எழுந்ததுபோல் ஒரு சத்தம் வந்து, கால் வழியாக ஏறி, அவள் வயிற்றில் நின்றது. நாற்பத்தேழு வயதில் அவள் வயிற்றுக்குள் அப்படி அசைந்தது இதற்கு முன் அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள் மட்டும்தான். அதுகள்கூட இவ்வளவு மரியாதையாக அசையவில்லை.

வாஷிங் மெஷினும் முன்னூற்றைம்பது வெள்ளி, பெட்டியும் முன்னூற்றைம்பது வெள்ளி.

“இது துணி துவைக்குமா?” என்றான் ஷங்கர்.

“துவைக்காது.”

“பிறகு?”

“நான் துவைச்சுக்கிறேன்.”

கோலா சாவா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர்கள் வீடு. ஷங்கர் ஃபேக்டரி பஸ் ஓட்டுபவன். புஷ்பவள்ளிக்குத் தோட்டத்து எண்ணெய் மில்லில் கிராணி வேலை. செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகளை எடை மேடையில் ஏற்றி, எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். காலை ஏழிலிருந்து லாரி உறுமல், ஹாரன், டிரைவர்கள் மூன்று மொழியில் திட்டுவது எல்லாம் அவள் காதில்தான் விழும். யாராரோ போடும் சத்தத்தை இருபது வருஷமாகக் கேட்டவளுக்கு, தானே போடும் சத்தம் தேனாக இனித்தது.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கோப்பித் தண்ணியோடு பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவாள். ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு திருகுகளைத் திருகுவாள். தவளை வரும். மழைக்கு முந்தின காற்று வரும். மேட்டில் ரெண்டாவது கியரில் ஏறும் மோட்டார் சைக்கிள் வரும். பத்து விரலையும் வைத்தாலும் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சத்தம்தான் போடும் என்று தெரிந்தபோது ஷங்கருக்கு மனசே ஆறவில்லை.

“மத்த ஒம்பது விரலுக்கும் சேத்துத்தான லா காசு வாங்குனாங்க?”

இன்னொரு குணமும் அதற்கு இருந்தது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. திருகை நகர்த்தினால் பழைய சத்தம் போனது போனதுதான். அதனால் பிடித்த சத்தம் வந்தால் திருகுகள் நின்ற நிலையை மில் சீட்டின் பின்பக்கம் குறித்துவைப்பாள். ‘தவளை: முதல் திருகு மூணு மணி, ரெண்டாவது ஒம்பது மணி’ என்று. அப்படிக் குறித்தாலும் வெயிலில் தகரக் கூரை சூடேறியதும் பெட்டியும் சூடாகி, சுதி மெல்ல விலகித் தவளைக்குச் சளி பிடித்துவிடும். அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அடிக்கட்டையைப் பிடித்து, ஃபில்டர் என்ற திருகைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தால் வாய் பிளப்பதுபோல் ‘வா’ என்னும், மூடினால் ‘ம்’ என்று அடங்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்ததும் கை அப்படியே நின்றது.

தலைவர்!

வீரமுத்து தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடித் திருவிழாவில் அன்னதானத்துக்கு முன் மைக்கை வாய்க்குள் விட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் பேசுவார். அந்தப் பேச்சில் சொற்கள் உண்டு என்று சிலர் சொல்வார்கள், யாரும் நிரூபித்ததில்லை. ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, நடுவில் ஒரு கோபம் உண்டு, கடைசியில் ஒரு தழுதழுப்பு உண்டு. அத்தனையும் இப்போது பெட்டியிலிருந்து வந்தது. புஷ்பவள்ளி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே கையை நீட்டித் திருகினாள்.

அந்த நேரத்தில் ஷங்கர் பியர் டின்னோடு பின்வாசலில் நுழைந்தான். முன்னறையில் தலைவர் குரல் கேட்டதும் டின்னை அரிசி டின்னுக்குள் நுழைத்தான். கொடியில் கிடந்த ஈரச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “வாங்க தலைவரே, எப்ப வந்தீங்க?” என்று கும்பிட்டபடி உள்ளே வந்தான்.

பத்து நிமிஷம் கழித்து, சிரித்து முடித்த பிறகு, அதைப் போனில் பதிந்தான்.

“யாருக்கும் அனுப்பாதீங்க,” என்றாள் புஷ்பவள்ளி.

அவன் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினான். அந்த ஒருவர் கோயில் செயலாளர் புனிதன். புனிதன் எத்தனை பேருக்கு அனுப்பினார் என்ற கணக்கு வாட்ஸ்அப்புக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை எடை மேடையில் ஏறிய முதல் லாரியின் ஜன்னலிலிருந்தே தலைவர் பேசினார்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு வீரமுத்து நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்தில் புனிதன், உலகத்தில் எதுவுமே தெரியாத முகத்தோடு.

“புஷ்பா, நான் உனக்கு என்னம்மா கெடுதல் செஞ்சேன்?”

“விளையாட்டுக்குத்தான் தலைவரே…”

“சிரம்பான்ல என் சம்பந்தி கேட்டுட்டாரு. அது நான்தான்னு நெனச்சுக்கிட்டு, ‘சம்பந்தி, ஒடனே தொண்டைக்கு டாக்டரப் பாருங்க’ன்னு போன் பண்றாரு!”

புனிதன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் பெட்டியக் கொண்டா. என் முன்னாடி செய்.”

புஷ்பவள்ளி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தச் சத்தத்தை அவள் குறித்துவைக்கவில்லை, கூரையும் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் தவளை வந்தது. பிறகு மோட்டார். பிறகு வந்த சத்தத்துக்குப் புனிதன் ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

“நான் இப்படியா பேசுறேன்?” என்றார் வீரமுத்து. “இது ஆட்டுக்குட்டி. எனக்கு அடித்தொண்டை. கீழ போ.”

போனாள்.

“இன்னும் கீழ. எங்க, தள்ளு.”

அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து திருகைப் பிடித்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருகினார். சட்டென்று சத்தம் பிடிபட்டது. ஏற்றம், இறக்கம், கோபம், எல்லாம் வந்தது. புனிதன் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

வீரமுத்து இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கிக் கேட்டார். பிறகு கையை எடுத்தார்.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றார். “சொல்லு ஒன்னும் இல்லையே.”

அவர் புஷ்பவள்ளி கொடுத்த கோப்பித் தண்ணியைக் குடித்துவிட்டு, “வர்றேம்மா,” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். கத்திவிட்டுப் போயிருந்தால் புஷ்பவள்ளிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அவள் பெட்டியைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு ஆடித் திருவிழா. மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூசை முடிந்தது. கொட்டகையில் முன்னூறு பேர். வீரமுத்து மைக்கைப் பிடித்து, “அன்பார்ந்த…” என்று ஆரம்பித்தார். ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. நிறுத்தினார். ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். எல்லோருக்கும் நன்றி சொல்லி நாலே நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வருஷத்தில் வாங்காத கைதட்டலை அன்றைக்கு வாங்கினார். சனங்கள் இலை போட எழுந்தார்கள்.

அப்போது சமையற்காரர் சன்னாசி கரண்டியோடு பின்னாலிருந்து ஓடிவந்தார். “யார்யா பேச்ச நிறுத்துனது?”

“முடிஞ்சிருச்சு,” என்றார் புனிதன்.

“அதெப்படி முடியும்? தலைவர் மைக்கத் தொட்ட பிறகுதான நான் ஒலையில அரிசி போடுவேன்! இப்பதான்யா போட்டேன்!”

முன்னூறு பேரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. புனிதன் தலைவரிடம் ஓடினார். “பேச ஒன்னும் இல்லப்பா,” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புனிதன் நேராகப் புஷ்பவள்ளியிடம் வந்தார்.

“அக்கா, பெட்டியக் கொண்டாங்க.”

“சாமி முன்னாடியா?”

“சாமிக்குப் பொங்கல் வெச்சாச்சு. சனங்களுக்குத்தான் பசி.”

ஷங்கர் மோட்டாரில் பறந்து போய் ஐந்து நிமிஷத்தில் பெட்டியைக் கொண்டுவந்தான். கோயில் ஸ்பீக்கரில் மாட்டினார்கள். முன்னூறு முகமும் தன்னையே பார்ப்பதைக் கண்டு புஷ்பவள்ளி கண்ணை மூடிக்கொண்டு அடிக்கட்டையை அழுத்தினாள்.

வீட்டில் வயிறு வரை வந்த சத்தம் கோயில் ஸ்பீக்கரில் கொட்டகைத் தூணையே பிடித்து ஆட்டியது. கருவறை மணிகள் தாமாகவே ஙொய்யென்று முனகின. பூசாரி உள்ளே எட்டி அம்மனைப் பார்த்தார், ஆட்சேபணை எதுவும் தெரியாததால் வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டார். அழுத பிள்ளைகள் வாயை மூடின. கொஞ்ச நேரத்தில் உருமிக்காரர் உருமியை மடியில் எடுத்து, சத்தத்துக்குப் பின்னாலேயே இழைத்துக்கொண்டு போனார். புஷ்பவள்ளி கண்ணைத் திறந்தாள். பயம் போயிருந்தது. சத்தத்தை மெல்லத் திறந்தாள், மூடினாள், உச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வழுக்கவிட்டாள். கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

பத்து நிமிஷம் அப்படிப் போனது. வெயிலில் பெட்டி சூடேறிச் சுதி நகர ஆரம்பித்தது. அவள் அதைச் சரிசெய்யத்தான் திருகைத் தொட்டாள். வந்தது தலைவர் குரல்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. புஷ்பவள்ளி நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்தாள். வீரமுத்து எழுந்தார். சிரிப்பு அடங்கியது. அவர் கூட்டத்தின் நடுவே நடந்து வந்து மைக்கை எடுத்தார்.

“ஏன் நிறுத்திட்ட? பேசச் சொல்லு.”

“தலைவரே…”

“பேசச் சொல்லும்மா.”

அவள் பயந்தபடி ஒரு ஏற்றம் கொடுத்தாள். ‘வ்வாவ் வாவ் வாம்.’

வீரமுத்து பெட்டிப்பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்தார். “இவரு என்ன சொல்றாருன்னா, செருப்ப வாசப்படியில குவிச்சு வெக்காதீங்கங்கிறாரு.”

முன்வரிசை வாசப்படியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு, முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. ஆனால் இது வேறு சிரிப்பு என்பது அவருக்கும் தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

‘வாவ் வவ்வவ் வாவ்.’

“போன வருஷம் பந்தி முடியுறதுக்கு முன்னாடியே பாயாசத்தப் பையில கட்டிக்கிட்டு ஓடுனது யாருன்னு இவருக்குத் தெரியுமாம். பேரு சொல்லட்டுமான்னு கேக்குறாரு.”

மூன்றாம் வரிசையில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். புஷ்பவள்ளி குரலை மெல்லத் தழுதழுக்க வைத்தாள்.

“வேணாமாம். பாவம், பிள்ளைகுட்டிக்காரங்கன்னு அழுவுறாரு.”

அன்றைக்கு வீரமுத்து பேசிய ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் விளங்கியது. சோறு வெந்து, சன்னாசி கரண்டியால் அண்டாவை மூன்று தடவை தட்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் வீரமுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு புஷ்பவள்ளியிடம் வந்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

“நடுவுல ரெண்டு எடத்துல அவசரப்பட்டுட்ட,” என்றார். “அடுத்த வருஷம் நான் கை காட்டுன பிறகு ஆரம்பி.”

அவள் வயிறாரச் சாப்பிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சோறு ருசித்தது. கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் துணியில் சுற்றப் போனபோது தலைவர் மனைவி தனலெட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். அதிகம் பேசாதவள்.

“புஷ்பா, இதுல அவர் சத்தத்த அடக்குற திருகு எது?”

“இதுதாங்க்கா.”

பெட்டிக்கு இன்னும் கரண்ட் இருந்தது. தனலெட்சுமி ஒரு விரலால் கட்டையை அழுத்திக்கொண்டு திருகைத் திருப்பினாள். கொட்டகையில் தலைவர் குரல் ஒரு தடவை பெரிதாக எழுந்து, சுருங்கி, நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடினாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, வேலை பழகுகிறவளின் கவனம்தான் இருந்தது. ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்தாள்.

“எனக்கு ஒன்னு போன்ல ஆர்டர் பண்ணிக் குடு. ஒங்க மில் ஆபிஸ் அட்ரஸுக்கு வரட்டும். அவருக்குத் தெரிய வேணாம்.”

இரண்டு வாரத்தில் கூரியர் வந்தது. தனலெட்சுமி பசாருக்குப் போகிற மாதிரி மோட்டாரில் வந்தாள். பெட்டியைக் கூடையின் அடியில் வைத்து, மேலே இரண்டு கட்டு பயத்தங்காயைப் பரப்பி மூடினாள்.

“வீட்டுல எங்கக்கா வெப்பீங்க?” என்று கேட்டாள் புஷ்பவள்ளி.

“வீட்டுலயா?” மோட்டாரை உதைத்துக்கொண்டே தனலெட்சுமி சொன்னாள். “அங்கதான் ஏற்கனவே ஒன்னு இருக்கே, அடக்குற திருகுதான் இல்ல. இது பெடாஸ்ல என் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும், போறப்பல்லாம் நான் திருகிக்கிறேன்.”