முப்பத்து நான்கு குமிழ்கள்

அவசரப் பிரிவு வாசலில் தங்கையின் கணவனைப் பார்த்ததும் அக்காள் நலம்கூட விசாரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"ஸ்கேன் சீட்டக் குடுங்க."

கொடுத்தான். இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து, முட்டை வளரும் குமிழ்கள் முப்பத்து நான்கு. அதற்கு நேர் கீழே, அதே கையெழுத்தில், முட்டைகளை முதிரவைக்கும் ஹார்மோன் ஊசி, முழு அளவு. அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

பத்து வருடமாக ஆய்வகத்தில் அவள் பார்க்கிற வேலையே இதுதான். முட்டையைச் சுற்றி இருக்கும் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பாள். ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அவை எவ்வளவு பெருகுகின்றன, என்ன சுரக்கின்றன என்று அளப்பாள். இந்த ஊசி போட்டதும் அந்தச் செல்கள் வளர்ச்சிக் காரணி என்ற ஒரு புரதத்தைச் சுரக்கும். இரத்தக் குழாய்கள் இளகும். பத்துக் குமிழ் என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். முப்பத்து நான்கும் ஒன்றாகச் சுரந்தால் குழாய்கள் கசிந்து நீரெல்லாம் வயிற்றில் தேங்கிவிடும். மருந்தைக் குறைத்திருக்கலாம், வேறு ஊசி போட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

முட்டைகளை எடுத்த நாலாம் நாள் தங்கைக்கு வயிறு உப்பி மூச்சு வாங்கியிருக்கிறது. கருத்தரிப்புச் சிகிச்சை மையத்துக்கு இரண்டு முறை போன் செய்தார்களாம். வாயுவாக இருக்கும், வெந்நீர் குடியுங்கள் என்றார்களாம். இங்கே வயிற்றில் ஊசி குத்தி இரண்டரை லிட்டர் நீர் இறக்கினார்கள்.

மறுநாள் காலை மைய மருத்துவரின் மேஜைமேல் அந்தச் சீட்டை வைத்தாள்.

"நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி ஆகுறது உண்டு, மேடம்" என்றார் அவர். "ஒப்புதல் படிவத்துல அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவ போட்டா. நீங்க எழுதின முப்பத்து நாலப் பாத்தீங்களா?"

முட்டை நிறையக் கிடைத்தால் அவர்களுக்குத்தானே நல்லது என்று அவர் இழுத்தார். அதை எழுதித் தரச் சொன்னாள். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்தபடியே மருத்துவக் கவுன்சிலுக்கு நான்கு பக்கப் புகார் எழுதி அனுப்பினாள்.

மருத்துவமனைக்குத் திரும்பியும் சூடு ஆறவில்லை. படுக்கையில் இருந்தவளிடமே பாய்ந்தாள்.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நான் என்ன வேலை பாக்குறேன்னு தெரியாதா உனக்கு?"

"கேக்கத்தான்க்கா போன் பண்ணேன்." தங்கைக்குப் பேசவே மூச்சு வாங்கியது. "தட்டுல இருக்குற செல்லுக்கு மருந்து மாத்திட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்னு வச்சிட்ட. அப்புறம் நீ பேசவே இல்ல."

அக்காளுக்கு நினைவு வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசியது அரை நிமிடம்கூட இராது. நர்ஸிடமிருந்து அளவுக் குவளையை வாங்கிக்கொண்டாள். சிறுநீரை மணிக்கு ஒரு முறை அளந்து எழுத வேண்டும். அதை யாரிடமும் விடவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்த ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. விசாரணை முடிவில் அந்த மருத்துவருக்கு ஆறு மாதம் தடை.

அதே வாரம் தங்கை வந்தாள். உறைய வைத்த கருக்கள் ஐந்து இருக்கின்றனவாம். வேறு மருத்துவரிடம் மாற்றியாயிற்றாம்.

"வர்ற திங்கக்கிழம கருவ உள்ள வைக்கப் போறோம். நீயும் வா."

செத்துப் பிழைத்தவள் மறுபடியும் அதே சிகிச்சைக்கே போகிறாளே என்று அக்காளுக்கு ஆத்திரமாக வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதினாள்.