முன்னாடி யாரு அரைச்சாங்க?

கார்த்திகை மாதத்து புதன்கிழமை ஒன்றில், சின்னசேலம் சுப்புராயன் வீட்டில் கேழ்வரகுக் களி சாப்பிட்ட அத்தனை பேரும் ஒன்றாக வெட்கப்பட ஆரம்பித்தார்கள். ஆரம்பித்து வைத்தவர் சுப்புராயனேதான். மரவள்ளியும் மக்காச்சோளமுமாக ஊரைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்; குத்தகைக்காரர்களிடம் பேசினால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரை குரல் கேட்கும். கடைசி உருண்டையை விழுங்கிவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தவர், உடனே தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டைவிரலால் டைல்ஸ் தரையில் கோடு போட்டார். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தடித்தடியாக வளர்ந்த மகன்கள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். சாயங்காலம் குத்தகை பேச வந்தவர், துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு "நீங்களே பாத்து சொல்லுங்க" என்று நெளிந்த சுப்புராயனைக் கண்டு பயந்துபோய், வந்த வழியே திரும்பிவிட்டார். அன்றைக்கு மரவள்ளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மழை இல்லை.

காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. கேழ்வரகு அரைபட்டது ஸ்டேஷன் ரோட்டில் இருக்கிற தைலம்மாள் மாவு மில்லில். அதற்குச் சற்று முன்னால் அதே மெஷினில் அரைபட்டது, கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் சீர் அதிரசத்துக்காகக் கொண்டுவந்த பச்சரிசி. மில்லுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு தட்டினாலும் முன்னால் அரைத்ததில் ஒரு பிடி கல்லிலும் வாயில் கட்டிய துணிக்குழாயிலும் தங்கித்தான் போகும். அதனால்தான் டப்பாவை இறக்கி வைக்கும்போதே "முன்னாடி இன்னா அரைச்சாங்க?" என்று கேட்பது. மிளகாய் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். தைலம்மாளின் மெஷினில் மாவோடு சேர்ந்து அரைத்தவரின் மனசும் ஒரு பிடி தங்க ஆரம்பித்திருந்தது. ஏன் அந்த மெஷின், ஏன் அந்தக் கார்த்திகை என்று ஊரில் யாரும் ஆராயவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது.

தைலம்மாள் காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள். கல்யாணமான வருஷம் முதல் புருஷன் செல்லமுத்துவோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். வெட்டுக்குப் போகிற சனம் வயலோரம் குடிசை போட்டுத் தங்கும். விடிந்ததும் குனிந்தால் கட்டு கட்டி டிராக்டரில் ஏற்றும்வரை குனிந்தபடிதான். தோகை கிழித்த தழும்புகள் அவள் முன்னங்கைகளில் இன்னும் இருக்கின்றன. அதிலிருந்து கரையேற அவளுக்குக் கிடைத்த ஒரே பிடிமானம் இந்த மெஷின். சுவிட்சைப் போட்ட முதல் நாள், "இனிமே இந்தக் கை அருவாளத் தொடாது" என்று அவள் சொன்னது மோட்டார் சத்தத்தையும் மீறித் தெருவுக்குக் கேட்டது. தன் ஆயுசில் நிமிர்ந்து நின்று அவள் பார்த்த முதல் வேலை அது.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. பாகப்பிரிவினைக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தவர்களின் கோதுமைக்குப் பின்னால் அரைத்த ஒரு குடும்பம், சப்பாத்தி சாப்பிட்ட கையோடு கூடத்தின் நடுவே சுண்ணாம்புக்கோடு கிழித்தது. பரீட்சையில் தேறாத பெண்ணின் வீட்டு மாவுக்குப் பின்னால் அரைத்து முறுக்கு சுட்ட வீட்டில், பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் எல்லோரும் உட்கார்ந்து அழுதார்கள். ஊர் மிரண்டது. அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டு எதிரே ஏ.சி. போட்ட சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். அங்கே விதவிதமாக பாக்கெட் மாவு. வடக்கே எங்கோ அரைத்தது, யார் மனசும் அதில் இல்லை. சாப்பிட்டால் பசி போகும், அவ்வளவுதான். சனம் அதற்கே போனது. கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் வீரமணி வந்து கல்லைக் கழற்றிக் கொத்தினார், பெல்ட்டை மாற்றினார், துணிக்குழாயை வெந்நீரில் அலசச் சொன்னார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. முன்னாடி அரைச்சவங்க உள்ள குந்திகினு இருக்காங்க, எழுந்திருக்க மாட்டேன்றாங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தார்.

மார்கழியில் ராசு மேஸ்திரி வந்தார். கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்க்கிறவர். காலியான மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா தைலம்மா, ஈ ஓட்டிக்கினு இருக்கறே? தை பொறந்ததும் வெட்டு. ஆளு கம்மியா கீது, ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை; அவர் பிழைப்பும் அதுதான். செல்லமுத்து அவர் போன பிறகு மெஷினைத் தடவிக்கொண்டே, "பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் போயிடலாமா?" என்று கேட்டான். தைலம்மாள் தன் முன்னங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"பொங்கல் வரைக்கும் பாக்கலாம்யா" என்றாள்.

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வெள்ளிமலையிலிருந்து ஜெயம்மாள் சாமை மூட்டையோடு வந்து இறங்கினாள். சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவள், கூட்டமில்லாத மில்லாக இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தாள். கல்வராயன் மலையில் அவளைத் தெரியாதவர் கிடையாது. அவளுடைய சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பும், அதற்குக் காரணமெல்லாம் தேவையில்லை. மலையிறங்கும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாயும்போது மற்றவர்கள் சாமியைக் கும்பிட்டால், அவள் சிரிப்பாள். மில்லிலும் துணிக்குழாயிலிருந்து மாவு புஸ்ஸென்று முகத்தில் அடித்ததற்கு ஒரு பாட்டம் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தவர் தீனதயாளன், தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிர்வீட்டில் இருக்கிற கூடப்பிறந்த தம்பியோடு கிணற்றுத் தகராறில் பேச்சு நின்று பல வருஷம். தம்பி சூப்பர் மார்க்கெட்டில் மாவு வாங்குகிறான் என்பதற்காகவே அவர் மில்லுக்கு வந்தார். அன்றைக்குக் கம்பு அடை சாப்பிட்டவர் தட்டோடு வாசலுக்கு வந்து சிரித்தார். "இன்னாண்ணே ஆச்சு உனக்கு?" என்று பதறி ஓடிவந்த தம்பியின் வாயில் ஒரு துண்டு அடையைத் திணித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மறுநாள் அந்தக் கிணற்று மோட்டார் இரண்டு வயலுக்கும் ஓடியது.

தீனதயாளன் விடிந்ததும் மில் வாசலில் நின்றார். "நேத்து எனக்கு முன்னாடி யாரு அரைச்சாங்க?" என்று கேட்டார்.

மாவு மில் வாசலில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் கேட்பது 'இன்னா' என்றுதான். இவர் 'யாரு' என்றார். ஒரு வார்த்தைதான் மாறியது. இவ்வளவு நாளாகக் கழுவித் தொலைக்கப் பார்த்தோமே, அதுவல்லவா நம் சரக்கு என்று தைலம்மாளுக்கு உறைத்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, செய்தி சொல்லக்கூட நிற்காமல் வெள்ளிமலை பஸ் ஏறினாள். ஜெயம்மாளைத் தேடிப் பிடித்து, சந்தை நாளெல்லாம் மலைச் சாமையோடும் தினையோடும் வர வேண்டும், முதல் அரவை உன்னுடையது, கொண்டுவரும் தானியத்தை நானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி முடித்தாள். அதற்கும் ஜெயம்மாள் சிரித்தாள்.

பொங்கல் எப்போது வந்தது எப்போது போனது என்று மில்லில் யாருக்கும் தெரியாது. டப்பாக்களின் வரிசை ஸ்டேஷன் கேட் வரைக்கும் நின்றது. ஆனால் புதிதாகக் கிடைத்த வித்தையில் தலைகால் புரியாமல் தைலம்மாள் ஒரு தப்பு செய்தாள். கேட்டவருக்கெல்லாம் சிரிப்பையே அரைத்துக் கொடுத்தாள், ஒரு கருமாதி வீட்டுக்கும் சேர்த்து. கொழுக்கட்டை தின்ற பங்காளிகள் மொட்டைத் தலையோடு குலுங்கினார்கள். மந்திரம் சொல்ல வந்தவரும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதால் மந்திரம் பாதியில் நின்றது. மாவின் வேகம் இறங்கியதும் அவமானத்தில் கொதித்துப்போய்க் கடப்பாரையோடு வந்தார்கள். தைலம்மாள் மெஷினுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள், துக்கம் என்றால் என்ன என்று அறியாதவள் இல்லை. செத்தவரின் மனைவிதான் கடப்பாரையை வாங்கிக் கீழே போட்டாள். "வுடுங்கடா. கேக்காம அரைச்சுட்டா, அவ்ளோதான்" என்றாள்.

அந்த வார்த்தையைத் தைலம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து டப்பா இறங்கும்போது கேள்வி அவளிடமிருந்து வந்தது: "வூட்ல இன்னா சமாச்சாரம்?" சொல்வதைக் கேட்டுவிட்டு வரிசையை மாற்றுவாள். சாவு வீட்டு மாவை, துக்கத்தைத் தாண்டி வந்த ஒருத்திக்குப் பின்னால் போடுவாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் சத்துமாவை, மெக்கானிக் வீரமணி கொண்டுவரும் கோதுமைக்குப் பின்னால் போடுவாள். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடாத மனுஷன் அவர். எதற்கும் உதவாத மனசு என்று ஒன்று இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. சுப்புராயனின் கறார் மனசுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்களும், சம்பள உயர்வு கேட்க நினைத்த நர்ஸுகளும் அவருக்குப் பின்னால் அரைக்க முந்தினார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். அவருடைய குத்தகைக்காரர்களே அந்த மாவில் கூழ் காய்ச்சிக் குடித்துவிட்டுப் போய், அவர் குரலிலேயே அவரிடம் பேசி, குத்தகையைக் குறைத்துக்கொண்டு வந்தபோதுதான் மனுஷனுக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் கை கொடுத்து முடித்திருந்தார்.

அடுத்த வருஷம் இரண்டாவது மெஷின் வந்தது, அதற்கடுத்து மிளகாய்க்குத் தனி மெஷின். செல்லமுத்து லோடு ஆட்டோ வாங்கினான். எலவனாசூர்கோட்டையில் கிளை திறந்தார்கள். மாவைப் பாக்கெட் போட்டும் விற்றார்கள்; அதன் மேல், மற்றவர்கள் சத்துக் கணக்கு போடுகிற இடத்தில், முன்னால் அரைத்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். போனில் ஆர்டர் வந்தது, சேலம் பஸ்ஸிலும் ரயிலிலும் பெட்டிகள் போயின. திருப்பூரிலும் பெங்களூரிலும் பிள்ளைகளை வைத்திருந்த அம்மாக்கள் இரண்டு டப்பாவோடு வந்தார்கள். முதல் டப்பா தங்களுக்கு, இரண்டாவது அதன் பின்னாலேயே பிள்ளைக்கு. அந்த மாவில் தோசை வார்த்துத் தின்ற பையன்கள் கேட்காமலே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டார்கள், மழை வருமுன் கொடியில் துணி எடுத்தார்கள். சூப்பர் மார்க்கெட்காரர்கள் கடைசியில் தைலம்மாளின் பாக்கெட்டுக்கு ஒரு முழு அலமாரியை ஒதுக்கித் தந்தார்கள். பெரிய மெஷின் போட்டு மொத்தமாக அரைக்கலாமே என்றும் கேட்டார்கள். "அதுக்கு முன்னாடி யாரு நிப்பாங்க?" என்றாள்.

பிறகு ஒரு மார்கழியில் ராசு மேஸ்திரி மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆள் கேட்டு வரவில்லை. லோடு ஆட்டோ நிறையக் கேழ்வரகோடு வந்தார். முகம் வாடியிருந்தது. வயல்களில் கரும்பு வெட்டும் மெஷின் இறங்கிவிட்டது, இந்த வருஷம்தான் கடைசி என்று பேசிக்கொள்கிறார்கள், சனம் இப்பவே சோர்ந்து கிடக்கிறது என்றார். "கூழுக்கு மாவு வேணும். தெம்பான ஆளா பாத்துப் போடு. முன்னாடி யாரு அரைச்சாங்க?"

தைலம்மாள் வரிசையைப் பார்த்தாள். ஜெயம்மாள் இருந்தாள், சுப்புராயன் இருந்தார். இரண்டு பேர் மனசும் இதற்குப் போதாது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது: இத்தனை வருஷத்தில் தன் வீட்டுத் தானியத்தைத் தான் ஒருநாளும் முன்னால் போட்டதில்லை. எல்லோரும் போன பிறகு மிஞ்சிய நேரத்தில் அரைத்துக்கொள்வதே பழக்கம்; ராத்திரி ஆறிய கல்லில் யார் மனசும் தங்காது. அவளுக்குப் பின்னால் ஊரில் யாரும் அரைத்ததே இல்லை. வீட்டிலிருந்து ஒரு தூக்கு கேழ்வரகு கொண்டுவரச் சொல்லி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல்தொட்டியில் கொட்டினாள். பின்னாலேயே மேஸ்திரியின் மூட்டைகள் இறங்கின.

அந்தச் சனம் ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விடுகிற சனமில்லை. வெட்டை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வயல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்: அந்த வருஷம் வெட்டுக்காரர்கள் முதல் நாள் கூழ் குடித்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது, அதன்பிறகு குனியவே இல்லை, கரும்புதான் அவர்கள் கைக்குச் சாய்ந்து கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் ஒருத்தி டெய்லர் கடை வைத்தாள், ஒருவர் பஞ்சர் கடை போட்டார், அக்கா தங்கை இருவர் மரவள்ளிச் சிப்ஸ் வறுத்து சின்னசேலம் ஸ்டேஷனில் விற்றார்கள். புதிதாக வந்த வெட்டு மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு அதன் மேலேறி உட்கார்ந்த பெண்ணும் உண்டு. அருவாள்களை எல்லாம் கொல்லரிடம் கொடுத்து, தோசைக்கரண்டிகளாக அடித்து வாங்கிக்கொண்டார்கள்.

ராசு மேஸ்திரியும் அதே கூழைத்தான் குடித்திருந்தார். மில்லுக்கு எதிரே இப்போது அவருடைய கரும்புச்சாறு கடை இருக்கிறது; கூட்டத்துக்குக் குறைவில்லை. வெயில் நேரத்தில் தைலம்மாள் ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வருவாள். அவர் அடுத்த கரும்பை மெஷினில் செருகப் போகும்போது, வரிசையில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "மேஸ்திரி, முன்னாடி யாருக்குப் புழிஞ்சீங்க?"

தைலம்மாளுக்கு என்று தெரிந்தால் அடுத்த டம்ளருக்கு அடிதடிதான். விலை ஒன்றுதான்.